இனியாவுக்கு என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்

டீ நல்லா இருக்குங்க மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க போல. போலீஸ் ஸ்டேஷன் டீயை வாயில வைக்க முடியாதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அதைப் பத்தி ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தலாம். நமக்கு அதுதானே தொழில்.

பேரு ரத்தினவேல். புதுக்கோட்டையில சின்னதா ஒரு அறக்கட்டளை நடத்துறேன். குழந்தைங்க படுற கஷ்டத்தை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்றது எங்க வேலை. கஷ்டத்தைக் கொறைக்கிறது வேற டிபார்ட்மென்டுங்க. அதுல நாங்க தலையிடுறதில்லை.

நடந்ததை மொதல்ல இருந்து சொல்லுன்னீங்க. சொல்றேன். அவசரம் ஒண்ணும் இல்லை, எனக்கு இன்னைக்கு வேற சோலி இல்லை.

நம்ம மாவட்டத்துல விழிப்புணர்வுக்கு என்னைக்குமே பஞ்சம் வந்ததில்லை. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு நாள் வந்துட்டா பள்ளிக்கூடத்துப் புள்ளைக கையில ஆளுக்கொரு பதாகையைக் குடுத்து, வேகாத வெயில்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க விடுவாங்க. மயங்கி விழுந்த புள்ளைக்கு குளுக்கோஸ் தண்ணி உண்டு. குழந்தைகளைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு குழந்தைகளையே கத்தவிட்டுக் கூட்டிட்டுப் போறதைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. புதுசா எதாச்சும் செய்யணும்னு தோணுச்சு.

அப்படி வந்ததுதான் 'இனியாவின் நாள்'. போன்ல பாக்குற கதை. சும்மா பாக்குறது இல்லை, பாக்குறவங்களும் கதைக்குள்ள வரணும். ஒவ்வொரு பகுதி முடிவுலயும் இனியாவுக்கு என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்னு எழுத்து வரும். கீழ ரெண்டு பட்டன். ஸ்கூலுக்கு அனுப்பு, வேலைக்கு அனுப்பு. எதை அழுத்துறீங்களோ அங்கிட்டு கதை போகும். இன்டராக்டிவ்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல நோகாம நோம்பு கும்பிடுறதும்பாங்க.

மொதல்ல படமா வரைஞ்சுதான் செஞ்சோம். சென்னையில இதுக்கெல்லாம் உதவி பண்ற ஒரு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுனேன். அங்க இருந்த எல்லாரும் நல்லவங்க. அதுதான் சிக்கலாப் போச்சு. எல்லாரும் 'ஸ்கூலுக்கு அனுப்பு'வை அழுத்துனாங்க. இனியா ஸ்கூலுக்குப் போயிட்டா, கதை முடிஞ்சுபோச்சு. காபி வர்றதுக்குள்ள ஒரு குழந்தையைக் காப்பாத்திட்டு, அடுத்து என்னன்னு என்னைய நிமிந்து பாக்குறாங்க. அதுல ஒரு அம்மா ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க, "நல்லா இருக்கு, ஆனா அழுகை வரலையே." நிஜமான ஒரு பொண்ணு, நிஜமான ஒரு ஊரு இருந்தா மனசைத் தொடும்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு நெறைய இருக்குறது உங்களுக்கே தெரியும். கொட்டையை வறுத்து ஒடைக்கிற கொட்டகைகளும் இருக்கு. அங்கிட்டுப் போனா கொட்டகைக்கு ஒரு புள்ளையாச்சும் கிடைக்கும்னு போனேன். போய்ப் பாத்தா ஒண்ணு கூட இல்லை மேடம். எல்லாம் ஸ்கூலுக்குப் போயிருக்கு. ஒரு கொட்டகைக்காரரு என்கிட்டயே சொல்றாரு, "சின்னப் புள்ளைகளைச் சேக்குறதில்லைங்க, தப்பு." நானோ ஆவணிக்குள்ள முடிச்சுத் தாரேன்னு சென்னைக்கு வாக்குக் குடுத்திருந்தேன்.

அந்தக் கொட்டகையிலதான் செவந்தியைப் பாத்தேன். கொட்டை ஒடைக்கிறவங்க. வீட்டுக்காரரு திருப்பூருக்குப் போனவரு, போனவருதான். ஒரே மக, காவ்யா. ஆறாவது படிச்சுச்சு. ஸ்கூல் விட்டதும் அம்மாவைத் தேடிக் கொட்டகைக்கு வந்து, ஓரமா ஒரு சாக்கை விரிச்சு உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். பெரிய கண்ணு. எதைக் கேட்டாலும் மொதல்ல சிரிச்சுட்டுத்தான் பதில் சொல்லும். வெளிச்சம் மூஞ்சில நல்லா விழுந்துச்சு.

செவந்திகிட்ட பேசுனேன். "பாப்பாவை ஒடைக்க உக்கார வெச்சுப் படம் எடுக்கணும்மா. வேலைக்குப் போற புள்ளைக படுற பாட்டை ஜனங்க பாக்கணும்."

"எம்மக வேலைக்குப் போகலையே சார்?"

நியாயமான கேள்விதான். இதைப் பாத்துட்டு மத்தவங்க அவங்க புள்ளைகளை வேலைக்கு அனுப்ப மாட்டாங்கம்மான்னேன். "நாலு புள்ளைக்கு நல்லதுன்னா எடுத்துக்கங்க சார்"னுட்டாங்க. குழந்தைத் தொழிலாளரே இல்லாத ஒரு கொட்டகையில ஒருத்தரைப் புதுசா உண்டாக்குன பெருமை எங்க அறக்கட்டளைக்கே சேரும். இதுக்கு யாரும் சான்றிதழ் குடுக்கலை.

விதிமுறையெல்லாம் சரியாப் பாத்துத்தான் செஞ்சேன். குழந்தையோட அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால காவ்யாங்குற பேரை இனியான்னு மாத்திட்டேன். மூஞ்சியை மாத்தலை. மூஞ்சி இல்லாம ஜனங்க யாரைப் பாத்து அழுவாங்க?

காலை வெளிச்சம்தான் கேமராவுக்கு நல்லது. அதனால ஸ்கூலுக்கு லீவு போடச் சொன்னேன். டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லச் சொன்னேன். கதையில இனியா ஸ்கூலுக்குப் போக முடியாம ஏங்குவா. காவ்யாவும் நெசமாவே ஏங்குச்சு, கணக்குப் பரிச்சை இருக்குன்னு ஒரு நாள் அழுதுச்சு. எடுத்துக்கிட்டோம். அது கஞ்சி குடிக்கிறது, செவந்தி அதுக்குத் தலை பின்னுறது, அம்மாவும் மகளும் சண்டை போட்டுச் சிரிச்சுக்கிறது, எல்லாத்தையும் எடுத்தோம். எதுவும் செட்டு இல்லை, நடிப்பு இல்லை. அந்த வீட்ல நாங்க எடுத்ததெல்லாம் நெசம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேணும்.

சாம்பல் விஷயத்துக்கு வாரேன். முந்திரிக்கொட்டை ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு. கறுப்பா, பிசுபிசுன்னு இருக்கும். தோலுல பட்டா வெந்துரும். அதுக்குத்தான் ஒடைக்கிறவங்க மொதல்ல கையில சாம்பலைப் பூசிக்குவாங்க. சாம்பல் இருந்தா எண்ணெய் ஒட்டாது. அங்க பொறந்த புள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவ்யா வந்து உக்காந்ததும் அதுபாட்டுக்கு அடுப்புச் சாம்பலை அள்ளி மணிக்கட்டு வரைக்கும் பூசிக்கிச்சு.

கேமராவுல பாத்தேன், கை எடுபடலை. வயசான பொம்பளை கையாட்டம் தெரியுது. நான் 'பிஞ்சுக் கைகள்'னு வசனம் எழுதி வெச்சிருக்கேன். கழுவிட்டு வாம்மான்னேன். அது அம்மாவைப் பாத்துச்சு. "சாம்பல் இல்லாம தொடக் கூடாதுங்க சார், வெந்துரும்"னாங்க செவந்தி. ரெண்டு கொட்டைதாம்மா, சும்மா தொடுற மாதிரிதான்னு சொன்னேன். புள்ள எந்திரிச்சுப் போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துச்சு. நல்ல புள்ள.

ரெண்டு கொட்டைன்னுதான் ஆரம்பிச்சோம். பொகை சரியா வரலை. சட்டியில இருந்து எறக்குன சூட்டோட புள்ள முன்னாடி கொட்டச் சொன்னேன். கொட்டகைக்காரரு வேணாங்கன்னாரு. வேணுங்கன்னேன். கொட்டுனதுல ஒரு கொட்டை தீயோட வெடிச்சு, எண்ணெய் தெறிச்சு, வலது உள்ளங்கையும் விரலும் வெந்துபோச்சு. அது கத்துனது ஆப்ல மூணாவது பகுதியில அப்படியே இருக்கு. பின்னணி இசை போடலை. தேவைப்படலை.

இது விபத்துதான் மேடம். நீங்களும் அப்படியே எழுதலாம். இதுக்காக நான் இங்க உக்காந்திருக்கலை.

செவந்தி புள்ளையைத் தூக்கிட்டு ரோட்டுக்கே ஓடிட்டாங்க. புதுக்கோட்டை பஸ் நின்னு ஹாரன் அடிக்குது. நான் பின்னாடியே ஓடிப்போயி நிப்பாட்டுனேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன கேப்பாரு? எப்படிம்மா பட்டுச்சும்பாரு. கொட்டகையிலன்னு சொல்லுவாங்க. சின்னப் புள்ளையை அங்க யாரு உக்கார வெச்சதும்பாரு. அதுக்கு மேல நல்லவங்க எல்லாரும் ஒண்ணு கூடி என்னையவே ஒரு விழிப்புணர்வாக்கிப்புடுவாங்க. அதுவும் போக, எனக்குக் கதையில அடுத்து ஒரு ஆஸ்பத்திரி சீன் வேண்டியிருந்துச்சு. அவங்களுக்கும் டாக்டர் வேணும், எனக்கும் டாக்டர் வேணும். "பஸ்ஸுல எதுக்கும்மா சிரமம், நானே பெரிய டாக்டரை ஏற்பாடு பண்ணி கார்ல கூட்டிட்டுப் போறேன்"னேன். மகராசனா இருப்பீங்க சார்னு கும்பிட்டாங்க. பஸ் போயிருச்சு.

மறுநாள் கார்ல கூட்டிட்டுப் போனேன். காலியாக் கெடந்த ஒரு கல்யாண மண்டபத்துல மணப்பெண் அறையை ஆஸ்பத்திரியா மாத்தியிருந்தோம். பச்சைத் துணியில திரை, ஒரு கட்டில், சுவத்துல கண்ணு டாக்டர் கிளினிக்குல வாங்குன ஒரு படம். டாக்டரு யாருன்னா ரிஃபாய். பெரியகடைத் தெருவுல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்குற தம்பி. கல்யாண வீட்ல அவன் மைக்கைப் புடிச்சான்னா சாப்புடப் போனவனும் திரும்பி வருவான், அப்படி ஒரு கொரல். வெள்ளைக் கோட்டு ஒரு காலேஜ் லேபுல வாங்குனது. கட்டுப் போடத் தெரியுமாடான்னு கேட்டேன். ஸ்கூல்ல சாரணர் இயக்கத்துல இருந்தேம்ணேன்னான். போதும்னேன். கடையில வாங்குன ஒரு களிம்பைத் தடவி, வெள்ளை வெளேர்னு பார்வைக்கு எடுப்பா இருக்கணும்னு சுத்து மேல சுத்தா இறுக்கிக் கட்டுனான்.

வசனம் நான் எழுதுனது. மூணே வசனம். "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல." அடுத்து, "நான் சொல்ற வரைக்கும் யாரும் இந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது." கடைசியா, "வலிச்சா நல்லதுதாம்மா, உள்ள ஆறுதுன்னு அர்த்தம்." ரிஃபாய் ஒரே டேக்குல பேசிட்டான். செவந்தி ஒவ்வொண்ணுக்கும் சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்னு தலையாட்டுனாங்க. அவ்வளவு இயல்பா ஒரு நடிகையால செய்ய முடியாது.

முடிஞ்சதும் மடியில இருந்து ஒரு பொட்டலம் எடுத்து ரிஃபாய் கையில குடுத்தாங்க. நல்ல முழுப் பருப்பாப் பொறுக்கிக் கொண்டாந்திருந்தாங்க, டாக்டருக்கு. அவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. என்னைய வெளிய இழுத்துட்டுப் போயி, "அண்ணே, அந்தம்மா நெசம்னு நெனச்சுக்கிச்சுண்ணே. சொல்லிருவோம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்"னான்.

"அவங்களுக்குத் தெரியும்டா, இத்தனை நாளா சூட்டிங் பாக்குறாங்கள்ல"ன்னேன். நாளைக்கு நானே கொண்டுபோறேன்னும் சொன்னேன். நம்பிட்டான். நம்ம ஊர்ல எல்லாரும் நம்புறவங்க, அதுதான் இங்க வேலை பாக்குறதுல உள்ள சௌகரியம்.

நாளைக்கு எடிட்டிங் இருந்துச்சு. அதுக்கு மறுநாளும் இருந்துச்சு.

வெளியீட்டு விழாவைப் புதுக்கோட்டையிலயே ஒரு ஹால்ல வெச்சோம். சென்னையில இருந்து அந்த அம்மாவும் வந்திருந்தாங்க. மேடையில பெரிய தொடுதிரை. தலைமை தாங்குனவரு ரிடையர்டு அதிகாரி. இனியா கத்துறதைக் கேட்டு பக்கத்து சீட்டுல ஒரு அம்மா சமோசாவைக் கையில வெச்சுக்கிட்டே அழுதாங்க. அப்பறம் திரையில பட்டன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, வீட்லயே வெச்சிரு. தலைவரு எந்திரிச்சுப் போயி, நெஞ்சுல கையை வெச்சுட்டு, ஆஸ்பத்திரியை அழுத்துனாரு. பயங்கரக் கைதட்டல். திரையில ரிஃபாய் வந்தான், கட்டுப் போட்டான், இனியாவுக்குக் கை ஆறிப்போச்சு, பையை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனா. ஸ்கூலுக்குப் போற அந்த சீனை மொத நாளே எடுத்து வெச்சிருந்தேன், கை நல்லா இருந்தப்ப.

அப்பத்தான் செவந்தி போன் அடிச்சாங்க. நான் டேப்லெட்டைக் கையில வெச்சபடியே வெளி வராண்டாவுக்கு வந்தேன்.

"சார், புள்ள ஒடம்பு அனலாக் கொதிக்குது சார். கட்டுக்குள்ள இருந்து நாத்தம் வருது. முழங்கை வரைக்கும் வீங்கிருச்சு. பேச்சும் ஒரு மாதிரி ஒளறுது. கட்டைப் பிரிச்சுப் பாக்கவா, இல்ல பஸ் ஏறி அங்கிட்டே கூட்டிட்டு வரவா? டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சார். அவரு பிரிக்கக் கூடாதுன்னாரே, பயமா இருக்கு."

பிரிக்கவா, கூட்டிட்டு வரவா. ரெண்டுல எதைச் சொல்லியிருந்தாலும் புள்ள பொழைச்சிருக்கும். அது எனக்குத் தெரியாம இல்லை. ஆனா பிரிச்சா அக்கம்பக்கத்துல பத்துப் பேரு பாப்பாங்க. கூட்டிட்டு வந்தா இதே ஊர்ல ஆஸ்பத்திரி. உள்ள கை ஆறிப்போச்சுன்னு தட்டிக்கிட்டு இருக்காங்க, வெளிய அழுகுன கையோட அதே புள்ள வந்து நிக்கும். சென்னை அம்மா அடுத்த கதைக்கும் உதவி பண்றேன்னு அப்பத்தான் சொல்லியிருந்தாங்க. செங்கல் சூளைப் புள்ளைகளைப் பத்தி.

"டாக்டர் பக்கத்துலதான் இருக்காரும்மா, நீங்களே பேசுங்க"ன்னேன்.

டேப்லெட்டுல நாலாவது பகுதியைத் திறந்தேன். போன்கிட்ட ஸ்பீக்கரை வெச்சு மொத வசனத்தைத் தொட்டேன். பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல. ரிஃபாய் கொரல் சும்மா கணீர்னு வந்துச்சு. செவந்தி அந்தப் பக்கம் அழ ஆரம்பிச்சுட்டாங்க, "டாக்டர், நாத்தம் அடிக்குதுங்க டாக்டர், பிரிச்சுப் பாக்கவா?" ரெண்டாவதைத் தொட்டேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் இந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது. "சரிங்க டாக்டர். ஆனா புள்ள வலி தாங்க மாட்டேங்குதுங்க." மூணாவதைத் தொட்டேன்.

"சரிங்க டாக்டர்"னாங்க. போனை வெச்சுட்டாங்க. எத்தனையோ பேருக்கு அந்த ஆப்பைக் காட்டியிருக்கேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்து, பதில் கேட்டு ஒரு மனுஷி முடிவை மாத்திக்கிட்டது அன்னைக்குத்தான். உள்ள போயி நன்றியுரை சொன்னேன்.

அப்பறம் நடந்ததை நீங்களே விசாரிச்சிருப்பீங்க. நினைவு தப்புனதுக்கு அப்பறம் அக்கம்பக்கத்து ஆளுக ஆம்புலன்ஸுக்குச் சொல்லித் தூக்கிட்டு வந்திருக்காங்க. இங்க நெசமான டாக்டர் கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்தப்ப, செவந்தி குறுக்க விழுந்து அவரு கையைப் புடிச்சுக்கிட்டாங்களாம். எங்க டாக்டர் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, அவரைக் கேக்காம தொடாதீங்கன்னு. நாலு பேரு சேந்து புடிச்சுத்தான் வெலக்கியிருக்காங்க. அதுக்குள்ள ரத்தத்துல பூரா விஷம் ஏறிப்போச்சு. விடியறதுக்குள்ள காவ்யா போயிருச்சு.

நான் மாலை வாங்கிட்டுப் போனேன். செவந்தி என்னைய அடிப்பாங்கன்னு நெனச்சேன், அடிக்கலை. ரிஃபாய் அதுக்குள்ள எல்லாத்தையும் அழுதுகிட்டே சொல்லியிருக்கான். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "எங்க வீட்ல இருந்து நீங்க எடுத்ததெல்லாம் நெசந்தானே சார். டாக்டர் மட்டும் பொய்னு எனக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. மாலையை வெச்சுட்டு வந்துட்டேன்.

ரிஃபாயை விட்டுருங்க மேடம். அவன் கட்டுப் போட்டான், அவ்வளவுதான். போன்ல பேசுனது அவன் இல்லை, நான். அது டாக்டர் இல்லைன்னு செவந்திக்குத் தெரியாதுங்குறது எனக்குத் தெரியும். கட்டுக்குள்ள கை அழுகுதுங்குறதும் தெரியும். அந்த வசனங்களைத் தொடாம இருந்திருந்தா புள்ள அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும், அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் மூணையும் ஒண்ணொண்ணாத் தொட்டேன். அந்தப் புள்ளையைக் கொன்னது நான். எழுதிக்கங்க.

ஏன் மேடம் எழுதுறதை நிப்பாட்டிட்டீங்க? அட, கண்ணைத் தொடைச்சுக்கங்க. நீங்க இன்னும் ஆப்பைத் திறந்துகூடப் பாக்கலைன்னீங்க. பாக்காத உங்களுக்கே இப்படி இருக்குன்னா, குழந்தைங்க படுற கஷ்டம் ஜனங்க மனசுல போய்ச் சேரணும்னு நான் பட்ட பாடு வீண் போகலை.